“பீடியை விட்டுடுங்க” – இது ஒரு வைத்தியமா?

கேள்வி:

டாக்டர் ஐயா, கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலையில் எங்கள் வீடு. அப்பாவுக்கு 57 வயது. கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி டீக்கடை வைத்திருக்கிறார். மீசை முளைக்கும் முன்னால் தொட்ட பீடி, இன்று நாளைக்கு ஒன்றரைக் கட்டில் நிற்கிறது. காலையில் எழுந்ததும் முகம் கழுவும் முன்பே ஒன்று. பௌர்ணமி என்றால் விடிய விடியக் கடை திறந்திருக்கும். அன்றைக்குக் கணக்கே கிடையாது.

ஐந்து வருடமாக பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறார். இரண்டு வருடமாக வீசிங்கும் சேர்ந்துகொண்டது. டாக்டர் ஒவ்வொரு தடவையும் “பீடியை விட்டுடுங்க” என்பார். அப்பா தலையாட்டுவார். வெளியே வந்து செருப்பு மாட்டும்போதே கை சட்டைப்பைக்குப் போகும். இப்போது சுகாதாரத் தன்னார்வலர் அக்கா ஒருவர் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார். அவரும் அதையேதான் சொல்கிறார்.

போன கார்த்திகை தீபத்தன்று மலையைப் பார்த்துக் கும்பிட்டு “இனிமே தொட மாட்டேன்” என்றார். நிஜமாகவே தொடவில்லை. முதல் வாரம் வீட்டில் யாரும் அவரிடம் வாய் கொடுக்க முடியவில்லை. அம்மாவே “ஒண்ணு குடிச்சுத் தொலைங்களேன்” என்று சொல்லும் அளவுக்குக் கோபம். மலையில் தீபம் எரிந்த பதினோரு நாளும் போய், மார்கழிப் பௌர்ணமி வரை தாக்குப்பிடித்தார். அன்று ராத்திரி இரண்டு மணிக்குக் கடையில் ஒன்று பற்றவைத்தார். அதோடு சரி. கேட்டால், “நம்ம ஊர் விசிறி சாமியாரே சிகரெட் குடிச்சவர்தான்” என்று வாயை அடைத்துவிடுகிறார்.

பிரஷருக்கு மாத்திரை இருக்கிறது, சுகருக்கு மாத்திரை இருக்கிறது. பீடிக்கு மட்டும் ஆஸ்பத்திரியில் ஏன் வெறும் வாய்ச்சொல்? இதற்கென்று வைத்தியமே கிடையாதா? இருந்தால் எங்களிடம் ஏன் யாரும் சொல்லவில்லை? இந்த வயதுக்கு மேல் விட்டுத்தான் என்ன ஆகப்போகிறது?

– ஒரு வாசகி, அடி அண்ணாமலை

பதில்:

அன்புள்ள சகோதரி,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன், அதற்குப் பதில் சின்னது. பிரிட்டனில் ரிச்சர்ட் டால் என்பவரும் அவரது குழுவும் 1951 முதல் ஐம்பது ஆண்டுகள் ஆண் டாக்டர்களையே பின்தொடர்ந்து கணக்கெடுத்தார்கள். புகைத்தவர்களில் 60 வயதில் விட்டவர்களுக்குச் சராசரியாக மூன்று ஆண்டு ஆயுள் கூடியது. 50-ல் விட்டவர்களுக்கு ஆறு. உங்கள் அப்பா நடுவில் நிற்கிறார். வீசிங்கைப் பொறுத்தவரை, போன நுரையீரல் திரும்பி வராது. ஆனால் இனிமேல் போவது மெதுவாகும். படியேறும்போது அந்த வித்தியாசத்தை அவரே உணர்வார்.

உங்கள் நடுக்கேள்விதான் என்னைக் குத்தியது. ‘ஏன் வெறும் வாய்ச்சொல்?’

பல வருடங்களுக்கு முன்னால், ஒரு சிற்றூர் ஆஸ்பத்திரியில் நான் வேலை பார்த்தபோது ஒரு பெரியவர் மாதாமாதம் வருவார். ஓரம் மடங்கிய நாற்பது பக்க நோட்டு ஒன்றை மஞ்சள் பையில் சுற்றிக் கொண்டுவருவார். ஒருநாள் அதைப் பின்னோக்கிப் புரட்டினேன். முதல் பக்கத்தில் என் கையெழுத்தில் ‘ஸ்மோக்கர் +’. அடுத்த வருடம் அதே கையெழுத்து, அதே ‘ஸ்மோக்கர் +’. அதற்கடுத்த வருடமும். நான்கு வருடத்தில் அந்தக் கூட்டல் குறிக்குக் கீழே இரண்டாவது வரி என்று ஒன்று இல்லை. பிரஷர் 160 என்று எழுதியிருந்தால் கீழே மாத்திரையின் பெயர் இருக்கும், மறுமாதம் எத்தனை என்று இருக்கும். பீடிக்கு மட்டும் நோயின் பெயர் இருந்தது, வைத்தியம் இல்லை. ஒவ்வொரு முறையும் ‘விட்டுடுங்க’ என்று நான் சொல்லித்தான் அனுப்பியிருக்கிறேன். அதை வைத்தியம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். நான் நோட்டைப் புரட்டிய அன்று அவர் வந்திருந்தது சளிப் பரிசோதனை முடிவோடு. காசநோய்.

இதை ஒரு தனிமனிதரின் துரதிர்ஷ்டம் என்று தள்ளிவிட முடியாது. உங்கள் மாவட்டத்தை ஒட்டிய விழுப்புரத்தின் கிராமங்களிலும் சென்னை நகரிலும் இறந்துபோன 43,000 ஆண்களின் விவரங்களைச் சேகரித்து, வேந்தன் கஜலட்சுமியும் உடன் ஆய்வாளர்களும் 2003-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். புகைப்பவர்கள் காசநோயால் சாகும் வாய்ப்பு, புகைக்காதவர்களைவிட நான்கு மடங்குக்கும் மேல். அங்கே காசநோயால் இறந்த ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேரின் சாவுக்குப் புகை காரணம். புகை என்றாலே கேன்சர் என்று நாம் சினிமா தியேட்டரில் பார்த்துப் பழகிவிட்டோம். நம் ஊர்ப் பீடி கேன்சருக்கு முன்பே காசநோயின் கையில் ஆளை ஒப்படைத்துவிடுகிறது.

சரி, வைத்தியம் உண்டா? உண்டு. பீடிப் பழக்கம் மன உறுதிக் குறைவு அல்ல. நிக்கோட்டினுக்கு மூளை அடிமையாவது. சிகரெட் போல பீடி தானாக எரிந்துகொண்டிருக்காது. இலை காற்றை எளிதில் உள்ளே விடாததால், அணையாமல் இருக்க அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டும். அளவில் சின்னதாக இருந்தாலும் நிக்கோட்டினும் கார்பன் மோனாக்சைடும் தாராளமாக உள்ளே போகும். நாற்பது வருடம் அப்படி இழுத்த ஒருவர், எந்த மருந்தும் இல்லாமல், மலையைப் பார்த்துக் கும்பிட்ட பலத்தில் ஒரு மாதம் நின்றிருக்கிறார். நீங்கள் அதைத் தோல்வியாக எழுதியிருக்கிறீர்கள். நான் அப்படிப் படிக்கவில்லை. முதல் மூன்று நான்கு நாள்தான் கடுமை. எரிச்சலும் தூக்கமின்மையும் இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் தணியும். அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டார். அவர் உடம்பு பீடியை விட்டுவிட்டது. பௌர்ணமி ராத்திரிக் கடைதான் விடவில்லை. அந்த மாதத்தில் ஒரே ஒருவர், ஒரே ஒருமுறை போன் செய்து ‘எப்படி இருக்கீங்க, பௌர்ணமிக்கு என்ன ஏற்பாடு?’ என்று கேட்டிருந்தால் கதை வேறாக இருந்திருக்கலாம்.

ஆஸ்பத்திரி செய்ய வேண்டியதும் இதுதான். கேட்பது, எழுதிவைப்பது, அடுத்த முறை மறுபடி கேட்பது. இதிலென்ன பெரிய வைத்தியம் என்று தோன்றும். 1979-ல் வெளியான ஓர் ஆய்வில் மைக்கேல் ரஸல் என்ற மருத்துவர் லண்டனில் குடும்ப டாக்டர்களிடம் வந்த இரண்டாயிரத்துச் சொச்சம் புகைப்பவர்களை வைத்து இதைச் சோதித்துப் பார்த்தார். எதுவும் சொல்லப்படாதவர்களில் ஒரு வருடம் கழித்துப் புகையை விட்டிருந்தவர்கள் நூற்றுக்கு 0.3. டாக்டர் ‘விடுங்கள்’ என்று சொன்னவர்களில் 3.3. அதைச் சொல்லி, ஒரு துண்டுப் பிரசுரமும் கொடுத்து, ‘மறுபடி கேட்பேன்’ என்று எச்சரித்து அனுப்பியவர்களில் 5.1. டாக்டருக்கு ஆன செலவு ஓரிரண்டு நிமிடம். ‘கேட்பேன்’ என்ற சொல்லுக்கு இருக்கும் பலத்தைப் பாருங்கள். பள்ளியில் வீட்டுப்பாடம் எழுத வைத்தது வாத்தியாரின் அறிவுரையா, நாளைக்கு நோட்டைப் பார்ப்பார் என்ற பயமா?

உலக சுகாதார அமைப்பு 2024 ஜூலையில் புகையிலையை விடுவதற்கான முதல் சிகிச்சை வழிகாட்டியை வெளியிட்டது. அதுவும் கேட்பது முப்பது நொடியிலிருந்து மூன்று நிமிடம்தான். ஆனால் ஆஸ்பத்திரிக்கு வரும் ஒவ்வொரு புகையிலைக்காரரிடமும், வழக்கமாக.

நம் நாட்டில் நிலைமை என்ன? 2016-17-ல் நடந்த தேசியக் கணக்கெடுப்பில், புகைப்பவர்களில் 55.4 விழுக்காட்டினர் விட வேண்டும் என்ற எண்ணத்தில் இருந்தார்கள். மருத்துவரையோ சுகாதாரப் பணியாளரையோ பார்த்த புகைப்பவர்களில் ‘விடுங்கள்’ என்ற ஒரு சொல்லையாவது கேட்டவர்கள் 48.8 விழுக்காடு. பாதிக்கும் குறைவு! அந்த வகையில் உங்கள் அப்பா கொடுத்துவைத்தவர், அவருக்கு வாய்ச்சொல்லாவது கிடைத்தது.

டாக்டர்கள் மேல் மட்டும் பழி போட எனக்கு மனம் வரவில்லை, நானும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன். காலை ஓ.பி.யில் வரிசை கதவைத் தாண்டி நிற்கும். ஆஸ்பத்திரியில் எதற்குப் பதிவேட்டில் ஒரு கட்டம் இருக்கிறதோ அது நடக்கும். கட்டம் இல்லாதது நடக்காது. எத்தனை பேருக்கு பிரஷர் கட்டுக்குள் வந்தது என்று மாதக் கூட்டத்தில் கேட்கிறார்கள், அதனால் பிரஷர் பார்க்கப்படுகிறது. எத்தனை பேர் பீடியை விட்டார்கள் என்று என்னை எந்தக் கூட்டத்திலும் யாரும் கேட்டதில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், கேள்வி ஏற்கெனவே கேட்கப்படுகிறது. தொற்றா நோய்களுக்காக நாடு முழுவதும் முப்பது வயது தாண்டியவர்களிடம் நிரப்பும் சமுதாய மதிப்பீட்டுப் படிவத்தில், வயது, இடுப்பளவு இவற்றோடு புகையிலைக்கும் ஒரு வரி உண்டு. எப்போதும் தொட்டதில்லை என்றால் சுழியம். முன்பு இருந்தது, அல்லது எப்போதாவது என்றால் 1. தினமும் என்றால் 2. மொத்தம் நாலுக்கு மேல் போனால் அந்த ஆளை முதலில் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். போகிறார், சுகர் பார்க்கிறார்கள், பிரஷர் பார்க்கிறார்கள். அந்த 2 மதிப்பெண்ணை வாங்கிக் கொடுத்த பீடி மட்டும், நான் பார்த்த இடங்களில், சட்டைப்பையிலேயே வீட்டுக்குத் திரும்பிவிடுகிறது.

2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. அதன் வழியாக மாத்திரைப் பையோடு உங்கள் வீட்டுப் படியேறி வருகிறாரே ஓர் அக்கா, அவர்தான் எனக்குப் பெரிய நம்பிக்கை. ஊரில் யார் எத்தனை பீடி குடிக்கிறார் என்று அவருக்குத் தெரியும். மாதாமாதம் வருகிறார். அவரைப் பார்த்து அப்பா வெட்கப்பட வேண்டியதில்லை, வரிசையிலும் நிற்க வேண்டியதில்லை. அவர் நோட்டில் ‘பீடி: போன மாதம் 30, இந்த மாதம் –’ என்று ஒரு கட்டமும், பையில் நிக்கோட்டின் சூயிங்கம் ஓர் அட்டையும் சேர்ந்தால் போதும். புதுக் கட்டடம் வேண்டாம், புது வேலையாட்களும் வேண்டாம். கனடாவில் ஒட்டாவா பல்கலைக்கழக இதய மருத்துவமனை இருபது ஆண்டுகளுக்கு முன்பே இதைச் செய்து காட்டியது. எந்த நோய்க்காக வந்து படுத்தாலும், புகைப்பவரா என்று கேட்டுக் குறிப்பார்கள். கட்டிலிலேயே மருந்து தொடங்குவார்கள். வீட்டுக்குப் போன பிறகு போனில் விசாரிப்பார்கள். விருப்பப்பட்டுக் கேட்டால் தருவதாக இல்லாமல், எல்லாருக்கும் தானாகக் கிடைப்பதாக அதை மாற்றினார்கள்.

நம்மிடம் எதுவுமே இல்லை என்று சொல்வது பொய். 2002-லேயே உலக சுகாதார அமைப்பின் துணையோடு நாட்டில் பதின்மூன்று புகையிலை விடுப்பு மருத்துவ மையங்கள் தொடங்கப்பட்டன. சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் அதில் ஒன்று. 2007-08-ல் வந்த தேசியப் புகையிலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் மாவட்ட அளவில் இதற்கு மையம் வைக்கச் சொல்கிறது. 2022-ல் திருத்திய தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் நிக்கோட்டின் மாற்று மருந்தும் ஏறிவிட்டது. பட்டியலில் ஏறியது உங்கள் ஊர் மருந்து அலமாரிக்கு இறங்கி வர வேண்டும், அவ்வளவுதான் பாக்கி. அதற்குள், திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய், புகையிலையை விட ஆலோசனை எங்கே தருகிறார்கள் என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்பவர்கள் இருந்தால்தான் அந்த அறை திறந்திருக்கும்.

இனி அப்பாவின் விஷயம்.

முதலில் ஓர் எச்சரிக்கை, இதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். வீசிங்குக்கு அவர் டெரிஃபிலின் போன்ற தியோபிலின் மாத்திரை சாப்பிடுகிறாரா என்று பாருங்கள். பீடிப் புகை அந்த மருந்தை ஈரலில் வேகமாகக் கரைத்துவிடும். பீடியை நிறுத்தினால் அதே அளவு மாத்திரை ரத்தத்தில் கூடுதலாகத் தங்கி, வாந்தி, படபடப்பு வரலாம். ‘பீடியை விட்டதும் உடம்புக்கு ஆகலை’ என்று நம் ஆட்கள் மறுபடி தொடங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். விடும் நாளை முன்கூட்டியே டாக்டரிடம் சொன்னால் அளவைப் பார்த்துக் குறைப்பார்.

நிக்கோட்டின் சூயிங்கம் 2 மில்லிகிராம் மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே கிடைக்கும். 4 மில்லிகிராமுக்குச் சீட்டு வேண்டும். எழுந்த அரை மணி நேரத்துக்குள் முதல் பீடியைத் தொடுபவருக்குப் பொதுவாக 4 தேவைப்படும். முகம் கழுவும் முன்பே என்று நீங்கள் எழுதியிருப்பதால் டாக்டர் அதைத்தான் யோசிப்பார். ஒரு பீடிக்கட்டு விலையில் ஒரு நாளைக்கான சூயிங்கம் வாங்க முடியாது. விஷம் மலிவு, முறிமருந்து விலை கூட. அரசு அலமாரியில் அது இருக்க வேண்டும் என்று நான் மல்லுக்கு நிற்பது இதனால்தான்.

இதைச் சாதாரண சூயிங்கம் போல மென்றால் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிஞ்சும். மெதுவாகச் சில தடவை கடித்தால் மிளகு கடித்தது போல நாக்கில் சுருக்கென்று வரும். உடனே நிறுத்திவிட்டு, பாக்கை ஒதுக்குவது போல கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கிவிட வேண்டும். காரம் அடங்கியதும் மறுபடி இரண்டு கடி, மறுபடி ஒதுக்கல். அரை மணி நேரம் தாங்கும். போடுவதற்குக் கால் மணி முன்பும், வாயில் இருக்கும்போதும் டீ, காபி கூடாது. மருந்து உள்ளே இறங்காது. டீக்கடைக்காரருக்கு இது சோதனைதான்! மாத்திரைகளும் இருக்கின்றன – வாரெனிக்ளின், புப்ரோபியான். இரண்டும் டாக்டர் பார்த்துத் தருபவை. வலிப்பு வந்தவர்களுக்கு இரண்டாவது ஆகாது.

மருந்தை மந்திரம் என்று நினைக்க வேண்டாம். விட முயன்ற நூறு பேரில் ஆறு மாதம் கழித்தும் விட்டவர்களாக இருப்பவர்கள் மருந்தில்லாமல் ஆறு பேர் என்றால், சூயிங்கமோ தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பட்டையோ கொண்டு ஒன்பது பேர், வாரெனிக்ளின் கொண்டு பதினான்கு பேர். தவறியவர் அடுத்த முறை மறுபடி முயலலாம். உங்கள் அப்பாவுக்கு முதல் முயற்சி முடிந்துவிட்டது, அடுத்தது இரண்டாவது.

பௌர்ணமிக்குத் தனியாக ஏற்பாடு வேண்டும். அன்று ராத்திரி பன்னிரண்டுக்கு மேல் அவர் கடையில் தனியாக இருக்கக் கூடாது. சட்டைப்பையில் தீப்பெட்டி வேண்டாம், அடுப்புக்கு லைட்டர் போதும். வாடிக்கையாளர் பற்றவைக்கக் கயிறோ தீப்பெட்டியோ கடையில் வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். டீக்கடை பொது இடம், அங்கே புகைக்க உதவும் பொருள் எதையும் வைக்கக் கூடாது என்று 2008-லேயே விதி இருக்கிறது. ஆசை எழுந்தால் மூன்று முதல் ஐந்து நிமிடம்தான் உச்சியில் இருக்கும். ஒரு ரவுண்டு டீ போட்டு ஆற்றி ஊற்றி முடிக்கும் நேரம். அதைச் செய்யச் சொல்லுங்கள். முதல் வாரம் அம்மா ‘ஒண்ணு குடிச்சுத் தொலைங்க’ என்று சொல்லாமல் இருந்தால் பெரிய உபகாரம். அந்தக் கோபம் அப்பாவுடையது அல்ல, நிக்கோட்டினுடையது.

விசிறி சாமியார் பற்றிச் சொன்னீர்கள். சாமியார் பிச்சையெடுத்தார், வெயிலிலும் மழையிலும் மரத்தடியில் கிடந்தார். அதையெல்லாம் விட்டுவிட்டு சிகரெட்டை மட்டும் பின்பற்றுகிறாரா என்று அப்பாவிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள். சிரிப்பார். சிரித்தால் பாதி வேலை முடிந்தது.

கடைசியாக, உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை அந்த அக்கா வரும்போது, பிரஷர் எழுதும் பக்கத்திலேயே அப்பாவின் பீடி எண்ணிக்கையையும் எழுதித் தரச் சொல்லுங்கள். நோட்டில் கட்டம் இல்லையென்றால் ஓரத்தில் எழுதட்டும். அடுத்த மாதமும் எழுதட்டும். இடைப்பட்ட நாளில் விசாரிக்க இன்னொரு ஆள் இருக்கிறார்: அரசின் புகையிலை விடுப்பு உதவி எண் 1800-11-2356. பீடிக்கட்டின் எச்சரிக்கைப் படத்திலேயே அச்சடித்திருக்கும். கட்டணம் கிடையாது. விடும் நாளைக் குறித்துக்கொண்டு அவர்களே திரும்பவும் கூப்பிடுவார்கள். காலை எட்டு முதல் இரவு எட்டு வரை. திங்கட்கிழமை விடுமுறை.